குருவி வைத்த புல்

சிறுகோரைப்பாக்கத்து ஏரிக்குத் தண்ணீர் வராமல் போன பதினோராவது வருஷம், ஆவணி மாதம் இரண்டாவது வாரத்தில், ஏரிக்குள் தானாக முளைத்துக் கிடந்த நரிவால் புல், கதிர் வைக்க வேண்டிய இடத்தில் குருவி வைத்தது.

அதை முதலில் பார்த்தவள் சம்பூரணம். நாற்பத்தாறு வயது. கல்யாணமாகிப் போன ஊரிலிருந்து எட்டே மாதத்தில் ஒரு கன்றுக்குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவள், ஏன் வந்தாய் என்று கேட்ட யாருக்கும் இன்றுவரை பதில் சொல்லாதவள், அம்மா செத்த வருஷத்திலிருந்து தம்பி தாமோதரனைத் தானே சோறூட்டி வளர்த்து ஆளாக்கியவள், அந்தக் கன்றுக்குட்டியின் வழியில் வந்த மூன்றாவது தலைமுறைச் செவலைப் பசுவுக்காகத் தினமும் விடிந்ததும் ஏரிக்குள் இறங்கிப் புல் அறுப்பவள். அன்றைக்கும் அப்படித்தான் குனிந்து, இடது கையால் ஒரு பிடியைச் சேர்த்துப் பிடித்து, அரிவாளை அடித்தண்டில் வைத்தபோது, பிடிக்குள்ளிருந்து யாரோ தன்னைப் பார்ப்பதுபோல் இருக்கவே நிமிர்ந்து பார்த்தாள். தண்டின் நுனியில், நரி வாலைப்போலக் கதிர் தொங்க வேண்டிய இடத்தில், கட்டைவிரல் பருமனில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்றும் சொல்ல முடியாது, அதற்குக் கால் இல்லை; வயிறு மெல்ல ஒடுங்கிப் பச்சையாகித் தண்டாகவே கீழே இறங்கியிருந்தது. உடம்பு குங்குமச் சிவப்பு, அதில் ஊசியால் குத்தியது போல வெள்ளைப் புள்ளிகள், மூக்கு மிளகாய்ப் பழச் சிவப்பு. மழைக்காலத்தில் கூட்டமாக வந்து புல்விதை தின்றுவிட்டுப் போகுமே சில்லைக்குருவி, அதேதான். அது கண்ணைச் சிமிட்டியது.

சம்பூரணம் அந்தப் பிடியை விட்டுவிட்டு அடுத்த பிடிக்குப் போனாள். அதிலும் குருவி. அதற்கடுத்ததிலும் குருவி. கரையிலிருந்து மதகு வரைக்கும், மதகிலிருந்து வேலிகாத்தான் புதர் வரைக்கும், ஏரி முழுக்கச் சிவப்பாக அசைந்துகொண்டிருந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வீட்டில் பசு முந்தின நாள் மதியத்திலிருந்து சரியாகத் தின்னவில்லை. அவள் குனிந்து அறுத்தாள்.

ரத்தம் வரவில்லை. புல் அறுத்தால் வரும் அதே பச்சை நீர்தான் வந்தது, அதே வாசனைதான் வந்தது. கட்டித் தலையில் தூக்கி வைத்ததும் கட்டுக்குள்ளிருந்த அத்தனை குருவியும் கீச்சென்று பாடத் தொடங்கின, வீடு வரைக்கும் பாடிக்கொண்டே வந்தன. தெருவில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் கட்டைப் பசுவின் முன்னால் போட்டாள். பசு முகர்ந்து பார்த்தது, மூச்சு விட்டது, பிறகு தின்னத் தொடங்கியது. கூட வந்து வேடிக்கை பார்த்த பத்துப் பன்னிரண்டு பேரும் அது தின்று முடிக்கிறவரை நின்றார்கள். பசுவே தின்றுவிட்ட பிறகு மனிதர்கள் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல, முடிந்ததும் கலைந்து போனார்கள்.

அடுத்த இரண்டு வாரமும் டீக்கடையில் இதே பேச்சாக இருந்தது. புல் என்று ஒரு கட்சி, குருவி என்று ஒரு கட்சி. வேர் இருக்குதே, அப்ப புல்லு என்றார்கள். கண்ணு இருக்குதே, அப்ப குருவி என்றார்கள். காற்றடித்தால் காற்றடிக்கிற பக்கம் சாய்கிறது, ஆகவே புல். காற்று நின்ற பிறகும் தலையைத் திருப்பிப் பார்க்கிறது, ஆகவே குருவி. அறுத்த இடத்தில் ஏழாம் நாள் திரும்பத் தழைக்கிறது, எந்தக் குருவி அப்படித் தழைத்திருக்கிறது? சரி, பூனையைக் கண்டால் இறகைச் சிலிர்க்கிறது, எந்தப் புல் பூனைக்குப் பயந்திருக்கிறது? தண்டோடு அறுத்துத் தண்ணீரில் வைத்தால் எட்டு நாள் பாடும், ஒன்பதாம் நாள் வைக்கோலாகக் காய்ந்து நிற்கும். தண்டிலிருந்து கிள்ளி எடுத்தாலோ உள்ளங்கையிலிருந்து ஜிவ்வென்று எழும்பி மூன்று முழ தூரம் பறந்து, விழும்போது ஒரு பிடி விதையாக விழும். விழுந்த இடத்தில் அடுத்த மழைக்கு முளைக்கும்.

சம்பூரணத்தின் தம்பி தாமோதரனுக்கு இந்தச் சண்டையே சிரிப்பாக இருந்தது. அவனுக்கு முப்பது வயது, கல்யாண மண்டபங்களில் மேடைக்குப் பூ அலங்காரம் கட்டுகிற வேலை, அதனால் எதையும் நிறத்தை வைத்து மட்டும் பார்க்கிற கண்.

"அது தின்னுறதும் புல்லு, படுக்கறதும் புல்லு, கூடு கட்டறதும் புல்லு. எத்தினி நாளைக்குத்தான் ரெண்டும் வேற வேறயா இருந்துகினு இருக்கும், சொல்லுங்க?" என்றான்.

இரண்டு வாரம் கழிந்ததும் அந்தக் கேள்வியே இல்லாமல் போயிற்று. ஊருக்கு வேறு வேலை இருந்தது. குருவி தின்ற மாடுகளின் பால் இளஞ்சிவப்பாக இருக்கிறதென்று பால் சொசைட்டியில் முதலில் திருப்பி அனுப்பினார்கள், பிறகு அந்தப் பாலில் செய்த பால்கோவாவுக்கு ரோஜா நிறம் தானாக வருகிறதென்று டவுனிலிருந்து ஒரு மிட்டாய்க்கடைக்காரர் வேன் எடுத்துக்கொண்டு வரத் தொடங்கினார். பெண்கள் முழுகிய தலையில் இரண்டு தண்டு செருகிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள், மந்திரத்துக்கு நடுவில் குருவி கத்தினால் பூசாரி நிறுத்திவிட்டு அது முடிக்கிறவரை காத்திருந்தார். மகளிர் குழு வாசல் தோரணம் கட்டி விற்றது. பிள்ளைகள் விசிலடித்துப் பழக்கிய குருவிகளுக்குப் பெயர் வைத்தார்கள், ஒன்பதாம் நாள் அழுதார்கள், பத்தாம் நாள் வேறு அறுத்துக்கொண்டு வந்து அதே பெயரை வைத்தார்கள். ஐப்பசி மழையில் அடர்ந்து, கார்த்திகைப் பனியில் நனைந்து, ஏரி அறுக்க அறுக்கக் குருவி வைத்துக்கொண்டே இருந்தது. தாமோதரன் மேடைகளில் சாமந்தியை விட்டுவிட்டுக் குருவி கட்டினான். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்கிற நாற்காலிக்குப் பின்னால் ஆயிரம் குருவி ஒரே நேரத்தில் பாடினால் நாதஸ்வரக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள், ஆனால் சனங்கள் வாய் பிளந்து நின்றார்கள். பக்கத்துத் தாலுகாக்களில் தாமோதரனின் தேதி கிடைத்த பிறகுதான் முகூர்த்தமே குறித்தார்கள்.

மார்கழியில் ஏரிக்குள் அளவுக்காரர்கள் இறங்கினார்கள். முக்காலியில் கருவி வைத்துப் பார்த்து, சுண்ணாம்பு அடித்த கற்களை நட்டுக்கொண்டே போனார்கள். கால் படுகிற இடத்திலெல்லாம் குருவி கத்தியது, அவர்கள் கத்துகிற குருவியை ஒதுக்கிவிட்டுக் கல் நட்டார்கள். பதினோரு வருஷமாகத் தண்ணீர் இல்லாத ஏரி ஏரியே இல்லை என்று மேலே முடிவாகிவிட்டதாகவும், மொத்த நிலமும் தரிசு என்று மாறிவிட்டதாகவும், அங்கே சரக்கு வைக்கிற பெரிய கிடங்குகள் வரப்போவதாகவும் ஊராட்சித் தலைவர் கஜபதி கூட்டத்தில் படித்துச் சொன்னார். கஜபதிக்கு இரண்டு லாரி உண்டு. கிடங்கு வந்தால் ஊருக்கு வேலை வரும் என்று அவர் சொன்னதை ஊர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டது. மாடு வைத்திருந்தவர்கள் மட்டும் தலையாட்டவில்லை. தலையாட்டாதவர்கள் மொத்தம் ஏழு பேர், அதில் ஆறு பேர் வாயும் திறக்கவில்லை.

சம்பூரணம் எட்டாவது வரை படித்தவள். அவள் ஒரு முழுத்தாள் வாங்கித் தன் கையாலேயே எழுதினாள். எங்கள் ஏரியில் குருவி முளைக்கிறது. குருவி இருக்கும் இடத்தில் கட்டடம் கட்டக் கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் அந்த ஏரியில் முப்பது வருஷமாகப் புல் அறுக்கிறேன். அது எனக்குத் தெரியும். ஆகவே அது குருவி என்று வைத்துக்கொண்டு ஏரியை ஏரியாகவே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை இரண்டு பஸ் மாறிப்போய், மனு வாங்குகிற இடத்தில் வரிசையில் நின்று, கொடுத்துவிட்டு வந்தாள். வருகிற வழியில் அவளுக்கு மனசு லேசாக இருந்தது. புருஷன் வீட்டைவிட்டு வந்த நாளுக்குப் பிறகு அவள் தானாக ஒரு முடிவெடுத்து ஒரு காரியம் செய்தது அதுதான்.

மனு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போயிற்று. அதுவரைக்கும் ஏரியில் இருப்பது குருவி என்று எந்தக் காகிதமும் சொன்னதில்லை. இப்போது ஒரு காகிதம் சொன்னது, கீழே கையெழுத்தும் இருந்தது. சில்லைக்குருவி பாதுகாக்கப்பட்ட பறவை, அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று இன்னொரு காகிதம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு காகிதமும் ஒரே மேஜையில் சந்தித்த அன்றைக்கு, தை மாதத்து முதல் முகூர்த்தம், தாமோதரன் டவுன் மண்டபத்தில் ஏணியின் மேல் நின்று கடைசி வரிசையைக் கட்டிக்கொண்டிருந்தான். காக்கிச்சட்டைக்காரர்கள் நான்கு பேர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேடைக்கு ஏறினார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவர்களையும் விருந்தாளி என்று நினைத்துப் பன்னீர் தெளித்தார்கள். தாலி கட்டுகிறவரை காத்திருந்து, கட்டி முடிந்ததும், மேடையிலிருந்த அத்தனை குருவியோடும் அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சம்பூரணம் சப் ஜெயிலுக்குப் போனாள். இன்றைக்குப் பார்க்கிற நாள் இல்லை, மனு போட்டுவிட்டு வா என்றார்கள். திரும்பப் போனாள். கோர்ட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறது என்றார்கள். கோர்ட்டுக்குப் போனாள். இப்போதுதான் திருப்பிக் கூட்டிப்போனார்கள் என்றார்கள். ஊருக்கு வந்தால் குழாயடியில் அவள் குடத்தை வைத்ததும் பக்கத்துக் குடங்கள் நகர்ந்தன. ஏனென்றால் ஊரில் குருவி அறுக்காத கை இல்லை, குருவி செருகாத தலை இல்லை, குருவிப்பால் குடிக்காத பிள்ளை இல்லை. அது குருவி என்று ஆகிவிட்டால் மொத்த ஊரும் ஜீப்பில் ஏற வேண்டியதுதான். நேற்றுவரை அதைக் குருவி என்று சொன்ன கட்சிக்காரர்களும் இப்போது புல் என்றார்கள், உரக்கச் சொன்னார்கள், தெருவில் போகிற அந்நியர்கள் காதில் விழும்படி சொன்னார்கள். தோரணங்களையெல்லாம் அவிழ்த்து எருக்குழியில் போட்டு மூடினார்கள். மூடிய பிறகும் எட்டு நாள் மண்ணுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

மாசி பிறந்ததும் விசாரணைக்குத் தேதி வந்தது. புதன்கிழமை, பள்ளிக்கூடத்தில். சாட்சி, மனு கொடுத்த சம்பூரணம். செவ்வாய்க்கிழமை மதியம், அவள் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது கஜபதி வந்தார். செருப்போடு தொழுவம் வரைக்கும் வந்து நின்றார்.

"தாமுவப் பாத்துட்டு வரேன் சம்பூரணம்" என்றார்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "விட்டாங்களா ஒங்கள? எனக்கு ரெண்டு வாட்டி இல்லன்னு சொல்லிட்டாங்களே தலைவரே."

"தலைவர்னு சொல்லிப் போனா விடுவாங்க. ஆளு பாதியா பூட்டான். மூணு வருஷம் வரைக்கும் போட முடியும்ன்றாங்க. அழுவுறாம்மா. எங்க அக்காளாண்ட சொல்லுங்க, புல்லுன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்கன்னு என் கையப் புடிச்சிக்கினு அழுவுறான்."

"அவனா சொன்னான்?"

"பின்ன நானா சொல்றேன்? எனக்கின்னா அதுல?" கஜபதி பசுவின் நெற்றியைத் தடவினார். "எழுதிக் குடுத்தது நீ. எங்க வெச்ச நெருப்பு எங்க புடிச்சிதுன்னு பாரு. ஏரி இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி வேற எங்கியாவது புல்லு மொளைக்கும். அவன் வயசு திரும்பி மொளைக்குமா?"

அவர் போன பிறகு சம்பூரணம் தொழுவத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா செத்தபோது தாமுவுக்கு நாலு வயது. பள்ளிக்கூடத்துக்குப் போக அழுவான், இவள் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான், வாத்தியார் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டும். அந்த அழுகை அவள் காதில் அப்படியே இருந்தது. கஜபதி சொன்னதை நம்ப அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கொண்டுவந்த தயிர்சாதத்தை வகுப்பறையிலேயே சாப்பிட்டு, டப்பாவைத் தானே கழுவி வைத்துவிட்டு, மேஜையில் ஒரு பெரிய தாளை விரித்தார். தாளின் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இடது பக்கம் புல் என்றும் வலது பக்கம் குருவி என்றும் எழுதியிருந்தது. மேஜை மேல் சோடா பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஒரு தண்டு வைத்திருந்தார்கள். அதன் நுனியிலிருந்த குருவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து விடாமல் பாடிக்கொண்டிருந்தது. வெளியே ஊர் மொத்தமும் நின்றது.

"உட்காருங்கம்மா" என்றார் அதிகாரி. "நான் ரெண்டு நாளா ஏரியில நடந்து பாத்துட்டேன். வேர் இருக்கு. புல்லுன்னு போட்டேன். மூச்சு விடுது. குருவின்னு போட்டேன். அறுத்தா தழைக்குது, அந்தப் பக்கம். நிழல் விழுந்தா பயப்படுது, இந்தப் பக்கம். மாடு தின்னுது. பாம்பும் தின்னுது. விதையா விழுது. விழற முன்னாடி பறக்குது." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "கடைசியில ரெண்டு பக்கமும் சரிசமமா வந்து நிக்குது. எனக்கு ஒரு வார்த்தை வேணும். இந்த ஃபாரத்துல ஒரு வார்த்தைக்குத்தான் கட்டம் இருக்கு."

"ரெண்டையும் எழுத முடியாதாம்மா?"

"முடிஞ்சா உங்களை எதுக்குக் கூப்பிடறேன்? படிச்சவங்க மூணு பேருக்கு அனுப்பினேன். மூணு பேரும் இன்னும் ஆராய்ச்சி தேவைன்னு எழுதிட்டாங்க. முப்பது வருஷமா அந்தப் புல்லை, சரி, அந்த எதையோ, கையில பிடிச்சவங்க நீங்கதான். நீங்க சொல்றதை எழுதறேன். அப்புறம் யாரும் மாத்த முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"என் தம்பி…"

"தெரியும். புல்லுன்னா கேஸ் நிக்காது. அவர் வந்துடுவார். குருவின்னா ஏரி நிக்கும். ரெண்டும் நான் பண்ற சட்டம் இல்லம்மா."

சம்பூரணம் பாட்டிலைப் பார்த்தாள். குருவி பாட்டை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது, முதல் நாள் பிடிக்குள்ளிருந்து பார்த்தது போலவே. தினமும் விடிகாலையில் அவள் ஏரிக்குள் இறங்கும்போது முதல் வரிசை பாடத் தொடங்கி, வரிசை வரிசையாக மதகு வரைக்கும் பாட்டு போய்ச் சேருவது அவளுக்கு நினைவு வந்தது. அது தன்னை அடையாளம் கண்டு பாடுகிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. புல்லுக்கு அடையாளம் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு அது என்ன என்பதில் ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை.

"புல்லும்மா" என்றாள்.

அதிகாரி பேனாவை வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"நல்லா யோசிச்சுத்தானே?"

"புல்லு" என்றாள் மறுபடியும். "மாடு தின்னுற புல்லு."

அதிகாரி எழுதினார். எழுதும்போது குருவி மறுபடியும் பாடத் தொடங்கியது, முன்னைவிட உரக்கப் பாடியது. அவர் ஒரு ஃபைலை எடுத்துப் பாட்டிலுக்கு முன்னால் நிறுத்தி வைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரமே மண் அடிக்கத் தொடங்கினார்கள். முதலில் இறங்கியவை கஜபதியின் லாரிகள். புல்டோசர் கரைப்பக்கத்திலிருந்து மதகைப் பார்த்து நேராகப் போயிற்று, அதன் முன்னால் சிவப்பு மடிந்துகொண்டே போயிற்று, மடிகிற வரிசையிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்பின, மூன்று முழம் பறந்தன, விதையாக விழுந்தன, விழுந்த விதையின் மேல் அடுத்த லாரி மண்ணைக் கொட்டிற்று. அந்தச் சத்தம் இரண்டு கிலோமீட்டருக்குக் கேட்டது. பால்காரர், "இன்னாபா சத்தம் இது?" என்று கேட்டதற்கு, டீக்கடையில், "புல்லு கத்துது" என்றார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது. புல் கத்துது, புல் பார்க்குது, புல்லுக்கு மூக்கு சிவப்பு. ஒரு வாரத்தில் ஊருக்கு அது வாயில் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்பிள்ளை ஏரியைப் பற்றிய கட்டுரையில் குருவி என்று எழுதியதற்கு டீச்சர் சிவப்பு மையில் அடித்துப் புல் என்று திருத்தினார். பிறகு ஒரு நாள் சத்தம் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்பதை ஊர் கவனிக்க நான்கு நாள் ஆயிற்று. சம்பூரணம் அந்த நிமிஷமே கவனித்தாள். சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்து நின்றாள், ஏதோ மறந்துபோனவள் மாதிரி கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு மறுபடியும் குனிந்தாள்.

பங்குனி முதல் வாரம் தாமோதரன் வந்தான். பாதியாகப் போயிருக்கவில்லை, கொஞ்சம் சதை போட்டிருந்தான்கூட. நேராக வீட்டுக்கு வராமல் ஏரிப்பக்கம் போய், அங்கே முள்கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு வந்தான். அவள் அவனுக்காகக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தட்டைப் போட்டதும் அவன் உட்கார்ந்தான், ஆனால் கையைக் கழுவவில்லை.

"இன்னாக்கா பண்ணி வெச்சிருக்க?" என்றான்.

"இன்னா பண்ணேன்?"

"புல்லுன்னு சொன்னியாமே. பஸ்ல வரப்பவே சொன்னாங்க."

"நீதானடா சொல்லச் சொன்ன?"

"நானா?"

"தலைவராண்ட சொல்லி அனுப்பினியே. கையப் புடிச்சிக்கினு அழுதியாமே."

தாமோதரன் அவளையே பார்த்தான். "கஜபதி என்னிய வந்து பாக்கவே இல்லியேக்கா. ஒருத்தரும் வந்து பாக்கல. நீ வருவன்னுதான் பாத்துகினே இருந்தேன்."

குழம்பிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் அகப்பையைச் சட்டிக்குள் விட்டாள், எடுத்தாள், மறுபடி விட்டாள்.

"மூணு வருஷம் போட்டுடுவாங்கன்னு சொன்னான்" என்றாள்.

"போட்டா போட்டுட்டுப் போறான். மூணு வருஷந்தானேக்கா. இருந்துட்டு வந்திருப்பேன்." அவன் குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. "உள்ள நான் எல்லார்க்கும் சொல்லிக்கினு இருந்தேன். எங்க அக்கா மனு குடுத்திருக்குது, எங்க ஏரியத் தொட முடியாதுன்னு. பெருமையா சொல்லிக்கினு இருந்தேன். இதுக்கா என்னிய வெளிய எடுத்த?"

அவன் சாப்பிட்டான், சாப்பிடாமல் எழுந்து போகிறவன் இல்லை. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அன்றைக்கும் அதற்கடுத்த நாலு நாளும் அவளோடு சண்டை போடவுமில்லை, பேசவுமில்லை. ஐந்தாம் நாள் பழைய மண்டபக்காரர் ஒருவர் சேலத்தில் வேலை இருக்கிறது என்றார் என்று சொல்லி இரண்டு சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். போகும்போது, "ஒடம்பப் பாத்துக்கக்கா" என்றான். பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் கூடவே நடந்தாள். பஸ்ஸில் ஏறியவன் அவள் நின்ற பக்கத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தான்.

சம்பூரணம் கஜபதியின் வீட்டு வாசலுக்குப் போனாள். அவர் லாரி டிரைவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். "நீங்க தாமுவப் பாக்கவே இல்லியாமே" என்று கேட்டாள். கஜபதி கொஞ்சமும் முகம் மாறாமல், "பாத்தா இன்னா, பாக்கலன்னா இன்னா சம்பூரணம்? வந்துட்டானா இல்லியா? நல்லதுதானே நடந்துச்சு" என்றார். டிரைவர்கள் சிரிக்கவில்லை, வேறு பக்கம் பார்த்தார்கள். அவள் ஒரு பிடி மண்ணை எடுத்து அவர் வாசலில் தூற்றினாள். அவருடைய மனைவி வெளியே வந்து, துடைப்பத்தை எடுத்து அதைக் கூட்டித் தள்ளினாள்.

பசுவுக்கு மேய்ச்சல் இல்லாமல் போயிற்று. பக்கத்து ஊரிலிருந்து வைக்கோல் வாங்கிப் போட்டுப் பார்த்தாள், பசு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. சித்திரையில் அதை வந்து கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். அவர்கள் அதை எங்கே கொண்டு போகிறார்கள் என்று கேட்கவில்லை.

பசு போன மறுநாள் திங்கட்கிழமை. அவள் முழுகி, ஒரு முழுத்தாளில் எழுதினாள். நான் பொய் சொல்லிவிட்டேன். அது குருவி. என் பேச்சை மாற்றி எழுதிக்கொள்ளவும். இரண்டு பஸ் மாறிப் போனாள். அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். வேறு மேஜையில் வேறு ஆள் இருந்தார், சின்ன வயசு, பொறுமையாகத்தான் பேசினார்.

"மாத்தணும்னா ஆதாரம் வேணும்மா. ஒரு குருவி கொண்டு வாங்க, பாக்கலாம்."

"எல்லாத்தையும் மண்ணு போட்டு மூடிட்டாங்களே சாமி."

"அப்ப எதை வெச்சு மாத்தறது?"

"நான் சொல்றேனே. அன்னிக்கி நான் சொன்னதத்தானே எழுதிக்கினீங்க? அதே வாயிதான சொல்லுது?"

அந்த ஆள் பேனாவால் காதைச் சொறிந்தார். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. "மனுவைக் குடுத்துட்டுப் போங்க. மேல அனுப்பறேன்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமையும் அவள் போனாள். அதற்கடுத்ததும் போனாள். கிடங்குக்குத் தகரம் போட்டார்கள், வெளிச்சத்துக்குக் கம்பம் நட்டார்கள், ஊர் ஆட்கள் சிலர் நீலச்சட்டை போட்டுக்கொண்டு உள்ளே வேலைக்குப் போனார்கள், பஸ்ஸில் அவளைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுத்தார்கள், எங்கே போகிறாய் என்று மட்டும் கேட்கமாட்டார்கள். மனு வாங்குகிற இடத்தில் அவளை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வரிசையில் நிற்கிறவர்களே வழிவிடுவார்கள். அவள் மேஜைக்கு முன்னால் போய்த் தாளை நீட்டி, தாளில் எழுதியிருப்பதையே வாயாலும் ஒரு தடவை, அந்த ஒரு வார்த்தையை, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லுவாள். சொல்லிவிட்டு, சீட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

மேஜையிலிருக்கிறவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தேதியைப் போட்டு, முத்திரையைக் குத்தி, பெயர் சம்பூரணம், ஊர் சிறுகோரைப்பாக்கம், பொருள் புல் சம்பந்தமாக என்று எழுதிக் கிழித்துக் கொடுப்பார்.